மூணு வருஷம் முடியட்டும்

"ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"இப்ப வேணாம் பிரகதம். மூணு வருஷம் முடியட்டும். திருமயத்துக்கு ஒரு மருத்துவச்சியைக் கொண்டாந்துடுறேன். அப்புறம் நீ எதைக் கேட்டாலும் செய்றேன்."

புதுக்கோட்டை சமஸ்தானத்தின் சட்டசபைத் தேர்தலன்று காலையில், கணவர் ஆத்மநாதனின் கோட்டுக்குப் பித்தான் தைத்துக்கொண்டே பிரகதாம்பாள் பேசிய பேச்சு இது. நூலைப் பல்லால் கடித்துவிட்டுக் கோட்டை அவர் கையில் கொடுத்தாள்.

அதற்கு ஏழு மாதம் முன்புதான் அவர்களுடைய முதல் பிள்ளை பிறந்தது. இரண்டு நாள் வலி. புதுக்கோட்டையிலிருந்து மருத்துவச்சி வந்து சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. மயக்கம் தெளிந்து அவள் கண் திறந்தபோது பக்கத்தில் பிள்ளை இல்லை. ஆத்மநாதன் ஈரத் தலையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். எங்கே புதைத்தார்கள் என்று பெற்றவளிடம் சொல்லும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. கேட்கும் வழக்கமும் இல்லை. கண்மாய்க் கரைப் பக்கம் என்று யாரோ பேசியது மட்டும் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அந்தக் கரையில் போகும்போதெல்லாம் காலை மெதுவாகத்தான் ஊன்றுவாள்.

அவர் ஜெயித்தார். மூன்று வருஷப் பதவி. புதுக்கோட்டையில் அறை எடுத்துத் தங்கினார். சனிக்கிழமை வருவார், ஞாயிற்றுக்கிழமை போவார்.

ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஒரு புதன்கிழமை காலை பஸ்ஸில் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார். பதவியை ராஜிநாமா செய்துவிட்டாராம்.

தேர்தலுக்கு வண்டி கட்டி ஆள் ஏற்றிய கருப்பன் சேதி கேட்டு வந்து வாசலில் நின்றார்.

"கீரனூர் போறேன்னு ஏத்திக்கிட்டு பாதி வழியில, நார்த்தாமலையிலயே எறக்கி விட்டா எப்படிங்க?"

"ஓட்டத் தெரியாதவனைப் பிடிச்சு ஒக்கார வச்சது ஒங்க தப்புதானே?" என்று ஆத்மநாதன் சிரிக்கப் பார்த்தார்.

கருப்பன் சிரிக்கவில்லை. "எம் மருமக மாசமா இருக்குங்க. மருத்துவச்சி வரும்னுதான் ஒங்களுக்குப் போட்டேன். வாரேங்க."

மத்தியானம் இலையில் போட்ட சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவர் கை வைக்கவில்லை.

"ஏங்க விட்டுட்டு வந்தீங்க?"

"போன வாரம் நம்ம தீர்மானம் வந்துச்சு. எம் பேரைக் கூப்பிட்டாங்க. மருத்துவச்சி ஏன் வேணும்னு நான் எந்திரிச்சுச் சொல்லணும். ஒரு மாசமா எழுதி வச்சிருந்தேன் பிரகதம், மூணு பக்கம். 'எங்க வீட்டுல ஒரு பிள்ளை'ன்னு ஆரம்பிச்சேன். அதுக்கு மேல வாய் வரலை. ரொம்ப நேரம் பொறுத்துத்தான் பாத்தாங்க. அப்புறம் அடுத்த விஷயத்துக்குப் போயிட்டாங்க."

அவர் இலையின் ஓரத்தை மடக்கினார், பிரித்தார்.

"அதை வாயால சொல்ல முடியாதவனுக்கு அந்த நாற்காலி எதுக்கு? நீயும் அன்னைக்கு என்னமோ கேக்க வந்தே. மருத்துவச்சியைக் கொண்டாந்துட்டுக் கேக்கச் சொல்லுவோம்னு இருந்தேன். இனிமே அதுக்கும் எனக்கு யோக்கியதை இல்லை."

தான் ஒருத்திதான் இத்தனை நாளும் அந்தப் பேச்சை எடுக்க முடியாமல் இருந்ததாக அவள் நினைத்திருந்தாள். கையிலிருந்த குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் மருத்துவச்சியைக் கேக்க வரலைங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளையை எங்க வச்சிருக்கீங்க? அந்த எடத்துக்கு என்னையக் கூட்டிட்டுப் போங்க."