வயர் சுற்றிய குக்கர்

ரிஸ்னாவுக்குக் கோபம் முழுக்கக் கடைக்காரன் மேல்தான். புறக்கோட்டையில் அத்தனை கடை இருக்க, ஒரு முழக் கயிறு கிடைக்கவில்லையாம் அந்த மனிசனுக்கு. வாஷர் மாற்றிய பிரஷர் குக்கரைப் பேப்பரில் சுற்றி, மூடி கழன்று விழாமல் சிவப்பு வயரால் இறுக்கிக் கட்டி, துணிப்பைக்குள் வைத்துக் கொடுத்துவிட்டான். அவளும் நோன்புக் களைப்பில் பார்க்காமலே வாங்கிக்கொண்டு வெள்ளவத்தை பஸ்ஸில் ஏறிவிட்டாள். பஸ் புறப்பட்ட பிறகு குனிந்து பார்த்தபோதுதான் வயர் கண்ணில் பட்டது.

தேவாலயங்களில் குண்டு வெடித்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. அபாயா உடுத்தவள் கையில் வயர் சுற்றிய குக்கர். இது நோன்புக் கஞ்சி காய்ச்சத்தான் என்று யார் நம்பப் போகிறார்கள்? "கஞ்சி ஒண்டும் வாணாம், ஊட்டுல இரி" என்று புருஷன் ரிம்ஸான் காலையிலேயே தலைபாடாய் அடித்துக்கொண்டான். கேட்டாளா?

உட்கார இடமில்லை. கொழும்பு பஸ்ஸில் நிற்பவரின் பையை, இருப்பவர் கேட்காமலே வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். யார் எவர் என்று விசாரிப்பதில்லை. அன்று ஒரு கையும் நீளவில்லை. பக்கத்தில் இருந்தவர் காலைக்கூட உள்ளே இழுத்துக்கொண்டார். ரிஸ்னாவுக்கு அழுகை வந்தது. அதைவிடப் பயம் வந்தது.

கொள்ளுப்பிட்டி தாண்டும்போது, முன்சீட்டில் இருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். ஐம்பது வயதிருக்கும், நெற்றியில் பெரிய பொட்டு.

"தாங்கோ பிள்ளை, நான் வச்சிருக்கிறன்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பை அவள் மடிக்குப் போய்விட்டது. பாரம் தெரிந்தது. பையின் வாய் வழியே சிவப்பு வயரும் தெரிந்தது. அந்தப் பெண்ணின் முகம் வெளிறிப்போனது.

ரிஸ்னா குனிந்து அவள் காதோடு சொன்னாள்: "குக்கர், அக்கா. அல்லாவே, குக்கர்தான். கயிறு இல்லண்டு கடக்காரன் வயரால கட்டித் தந்தான்."

அவள் ரிஸ்னாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையைத் திருப்பித் தரவில்லை.

பம்பலப்பிட்டியில் பஸ்ஸை மறித்தார்கள். எல்லோரும் இறங்கி, பையோடு வரிசையில் நடக்க வேண்டும் என்றார்கள் ராணுவக்காரர்கள். ரோட்டில் இறங்கியதும் ரிஸ்னா பைக்குக் கை நீட்டினாள்.

"நீங்க முன்னால போங்கோ," என்றாள் அந்தப் பெண். "எனக்கு இந்த லைன் பழக்கம்."

யுத்த காலத்தில் இதே ரோட்டில் இந்தப் பொட்டைப் பார்த்துத்தான் தமிழரென்று இறக்கி விசாரித்தார்கள். இப்போது அதைத் தேடுவாரில்லை.

ரிஸ்னாவை இரண்டு தரம் சோதித்தார்கள். பேர்ஸும் அடையாள அட்டையும்தான் இருந்தன, விட்டுவிட்டார்கள். பத்தடி போயிருப்பாள், பின்னால் ஒரு சத்தம்.

"மேக காகெத?" இது யாருடையது?

திரும்பிப் பார்த்தாள். ராணுவக்காரன் பைக்குள் வயரைக் கண்டுவிட்டான். வரிசை விலகிப் பின்னால் ஓடியது. அந்தப் பெண் ஒரு விரலை இந்தப் பக்கம் நீட்டினால் போதும், ரிஸ்னாவின் கதை முடிந்தது. ரிஸ்னாவின் உதடுகள் கலிமாவைத் தேடின. ஒரு சொல்லும் வரவில்லை.

"மகே," என்றாள் அந்தப் பெண். என்னுடையது.

துவக்கு நிமிர்ந்தது. அவிழ்க்கச் சொன்னார்கள். அவள் தார் ரோட்டில் குந்தி, வயரை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தாள், பேப்பரை விலக்கினாள். மூடியைத் திருகும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

வெறும் குக்கர். ராணுவக்காரன் எட்டிப் பார்த்துவிட்டு மூச்சை விட்டான். "யன்ன அம்மே." போங்கம்மா என்று கையைக் காட்டினான்.

அவள் வந்து பையை நீட்டினாள். ஆனால் விரல்கள் பிடியை விடவில்லை. ரிஸ்னா ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. எல்லாம் ஐஸாய்க் குளிர்ந்திருந்தன.

"மூடி திறக்கிற வரைக்கும் உள்ளுக்கு என்ன எண்டு எனக்குத் தெரியாது, பிள்ளை," என்றாள்.

கண்டக்டர் கத்தினான். அவள் ஓடிப்போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். ரிஸ்னா பையோடு ரோட்டிலேயே நின்றாள்.