கருத்தப்பாண்டி நீட்டிய விண்ணப்பம்

1

தவறான தகவலில் பிறந்த கதை இது. தண்டவாளத்து ஜல்லியை இறுக்கும் மிஷின் வந்த அன்று தண்டவாள வேலை பார்க்கும் கேங் ஆட்கள் அழுதார்கள் என்று ராஜபாளையம் ஸ்டேஷனில் ஒருவர் சொன்னார். அழுகிறவர்களை எழுதுவது எளிது. உடனே உட்கார்ந்துவிட்டேன்.

2

1991. மிஷினைக் கண்டதும் சுடலையம்மாளின் கண்கள் குளமாகி—

(அடித்துவிட்டேன். அவள் அழவில்லை.)

காமாலையில் இறந்த புருஷனின் ரயில்வே வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே ஒன்பது வருஷம், தண்டவாளக் கட்டைகளுக்கு அடியில் ஜல்லியைக் கம்பியால் குத்திக் குத்தி இறுக்கியதில் வலது தோள் போய்விட்டது. தலைமுடியை அள்ளி முடியக்கூடக் கை எழாது. அவளுக்கு அந்த மிஷின் சாமி மாதிரி.

மிஷினுக்கு முன்னால் போய், ஜல்லி குறைந்த இடங்களில் கொட்டி வைக்க வேண்டும். கேங் மறுத்தது.

"ஏட்டி, இது ஓடுச்சுன்னா ஆளக் கொறைப்பான். நம்மள எங்கிட்டாச்சும் தூக்கி அடிப்பான்" என்றார் கேங்கின் தொழிற்சங்க ஆள் கருத்தப்பாண்டி.

"ஒங்க தோளு நல்லாருக்குண்ணே. அதான் பேசுதிய."

ஜல்லிக்கூடையை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு தனியாக நடந்தாள். அன்றிலிருந்து கேங்கில் அவளோடு பேச்சு நின்றது.

3

(இவளைத் துரோகியாக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கருத்தப்பாண்டி சொன்னதும் பொய்யில்லையே.)

கேங் ஒரு வாரம் செய்கிற வேலையை மிஷின் ஒரு மணி நேரத்தில் முடித்தது. நான்காம் மாதம் ஆள்குறைப்பு வந்தது. மாற்றல் ஒரே ஒருவருக்கு, சர்வீஸில் இளையவளான சுடலையம்மாளுக்கு. தென்காசிக்கு அப்பால் மலை ரயில்பாதை. அங்கே மிஷின் கிடையாது. மறுபடியும் கம்பிதான்.

செய்தி கேட்டுக் கருத்தப்பாண்டி சிரித்த—

இல்லை. இதுவும் என் அவசரம்.

4

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு தாள். இருவர் இடம் மாற்றிக்கொள்ளக் கேட்கும் விண்ணப்பம். தன் கையெழுத்தைப் போட்டே கொண்டுவந்திருந்தார்.

"தாயி, நான் போறேன். நீ இங்கனயே கெட."

"ஒங்களுக்கு ரெண்டு வருசத்துல ரிட்டேரு."

"ரெண்டு வருசம் கம்பி அடிக்க ஏலாதாக்கும்?"

"படுக்கையில கெடக்க பிச்சையம்மா மதினிய ஆரு பாப்பா?"

பெண்டாட்டி பெயரைக் கேட்டதும் அவர் தெருவைப் பார்த்தார். பேனாவை மட்டும் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

5

கையெழுத்திட்டாள் என்று எழுதினேன். நான் பார்த்தேயிராத பிச்சையம்மாள் படுக்கையிலிருந்து என்னைப் பார்த்தாள். சுடலையம்மாள் தாளைத் திருப்பிக் கொடுத்தாள் என்று எழுதினேன். அடுத்த வரியில் அவள் மலைப்பாதையில் கம்பியைத் தூக்க வேண்டியிருந்தது. என்னால் தூக்கவைக்க முடியவில்லை.

பேனா இன்னும் அவள் கையில் இருக்கிறது. நான் எழுந்துகொள்கிறேன். வெயில் ஏறுகிறது, வாசலில் நிற்கும் கருத்தப்பாண்டியை யாரும் இன்னும் உள்ளே கூப்பிடவில்லை. முதலில் அதையாவது, வாசிக்கிற நீங்கள் செய்யுங்கள்.