மார்புக்குள் குருத்தெலும்பு

நுண்ணோக்கியில் கண்ணை வைத்ததும் பரிமளாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். மார்பகத் திசுவின் நடுவே, நீலம் பாய்ந்த கண்ணாடி மாதிரி ஒரு திட்டு. குருத்தெலும்பு. காதிலும் மூக்கிலும் இருக்க வேண்டியது இங்கே முளைத்திருந்தது. அதைச் சுற்றி, சிக்குப்பிடித்த நூற்கண்டு போல நீள நீளமான செல்கள் தாறுமாறாகப் பெருகிக்கொண்டிருந்தன. மெட்டாபிளாஸ்டிக் கார்சினோமா. மார்பகப் புற்றுநோயில் அபூர்வமான வகை, பரவுவதில் வேகம். படிக்கிற காலத்தில் புத்தகத்தில் படமாகப் பார்த்ததோடு சரி. விழுப்புரத்தில் ஆய்வகம் வைத்த இத்தனை வருஷத்தில் ஒன்றுகூட வந்ததில்லை.

"கிடைச்சிடுச்சு" என்று வாய்விட்டே சொன்னாள்.

பிறகுதான் ஸ்லைடின் ஓரத்து எண்ணைப் பார்த்தாள். திண்டிவனம் நர்சிங் ஹோமில் எடுத்து அனுப்பிய கட்டி. அவள் கொழுந்தன் பூவரசனின் மனைவி கலைப்பிரியாவுடையது. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் பொங்கித் தின்கிற ஓரகத்தி.

தன் கண் தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே, புதுச்சேரியில் இருந்த தேவநாதனுக்கு அதே கட்டியின் வேறு சீவல்களை அனுப்பினாள். கூடப் படித்தவன். வேறு சாயங்கள் ஏற்றிப் பார்க்க அவனிடம் வசதி இருந்தது.

கலைப்பிரியா திண்டிவனத்தில் பள்ளி ஆசிரியை. சாயங்கால ரயிலில் வந்து இறங்கி, முகம் கழுவிய கையோடு மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டே கேட்பாள்.

"ரிப்போர்ட் வந்துடுச்சாக்கா?"

"இன்னும் வரல கலை."

"வெறும் கொழுப்புக் கட்டின்னாரு டாக்டரு. அதுக்கு இத்தினி நாளா?"

பரிமளா எழுந்து சமையலறைக்குப் போவாள். கலையும் பின்னாலேயே வந்து அரிசி களைவாள். மாடிக்குப் போனால் துணி எடுக்க வருவாள். ஒரே கூரைக்குள் எங்கே ஒதுங்க முடியும்?

வார முடிவில் தேவநாதன் போன் செய்தான். "நீ நினைச்சதுதான். ஹார்மோன் சோதனை எல்லாமே நெகட்டிவ். மாத்திரைக்கு அடங்காது. ஜல்தியா ஆபரேஷனுக்கு அனுப்பு."

அன்றைக்கே ரிப்போர்ட்டைத் திண்டிவனம் டாக்டருக்கு அனுப்பிவிட்டு, பூவரசனை ஆய்வகத்துக்கு வரச்சொல்லி விஷயத்தைச் சொன்னாள். அவன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான்.

"அவகிட்ட சொல்லாதீங்க அண்ணி. பயத்துலயே செத்துடுவா. அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போயிட்டு வந்துடறோம். பசங்க பரீட்சையும் முடியட்டும். அதுவரைக்கும் சாதாரணக் கட்டின்னு வேற ஒண்ணு எழுதிக் குடுங்க."

"அப்பிடி எழுத மாட்டேன் தம்பி. நாளைக் கடத்தற நோயில்ல இது."

"அப்ப வாயத் தெறக்காம இருங்க. என் பொண்டாட்டி. நான் பாத்துக்கறேன்."

திண்டிவனம் டாக்டரிடமும் அவன் பேசிவிட்டான். அவரும் கலையிடம் மூச்சு விடவில்லை. பரிமளா நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மனசுக்குள் புழுங்கிக்கொண்டு, கலை பரிமாறியதைத் தின்றாள்.

ஒருநாள் ரயிலை விட்டு இறங்கிய கலை வீட்டுக்குப் போகாமல் நேரே ஆய்வகத்துக்கு வந்தாள்.

"நீங்க என் மூஞ்சியப் பாத்துப் பேசியே எத்தினி நாளாச்சி. என்னுத எனக்குக் காட்டுங்கக்கா."

பரிமளா ஸ்லைடை எடுத்து வைத்தாள். கலை ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள்.

"இதுல எது கெட்டது?"

"நீலமா தெரியுது பாரு, அது. அதைச் சுத்தி இருக்கறதும். கேன்சர் கலை. மார்ப எடுத்துடணும். சீக்கிரமா."

கலை வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் இல்லை.

"அவருக்குத் தெரியுமா?"

பரிமளா ஆமென்று தலையசைத்தாள். அதற்கப்புறம்தான் கலை உடைந்தாள். "ரெண்டு பேரும் தெரிஞ்சிக்கினேதான் எங்கூட உக்காந்து சாப்ட்டுக்கினு இருந்தீங்களா?"

அந்த வாரமே சென்னையில் ஆபரேஷன் நடந்தது. கீமோவில் கொட்டிய முடி வளர்ந்ததும் கலை மறுபடி பள்ளிக்கூடம் போனாள். பூவரசன் மட்டும் அண்ணியிடம் பேசுவதை விட்டுவிட்டான். பரிமளா சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவன் உட்காருவான்.

இரண்டு மழைக்காலம் கழிந்து கலைக்கு இருமல் வந்தது. நெஞ்சு ஸ்கேன் எடுத்த கவரை டாக்டரிடம்கூடக் காட்டாமல், பரிமளாவின் அறைக்குக் கொண்டுவந்து நீட்டினாள்.

"நீங்க படிங்கக்கா. வேற யார் சொன்னாலும் நம்ப மாட்டேன்."

பரிமளா பிரித்துப் படித்தாள். கவரைத் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

"நுரையீரலுக்குப் போயிருக்குது."

கலை கட்டிலில் சாய்ந்துகொண்டாள். கூடத்தில் பூவரசன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவர்கிட்டயும் நீங்களே சொல்லிடுங்கக்கா," என்றாள். "என்னால முடியாது."