உர்சுலா டீச்சரின் கால்

கடலோரக் கத்தோலிக்கப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்து, தலைமையாசிரியையாக ஓய்வுபெற்ற உர்சுலாவுக்கு, வீட்டோடு இருக்க ஆரம்பித்ததிலிருந்து கால் சும்மா இருப்பதில்லை. டிவி முன்னால் உட்கார்ந்தாலும் ஆடியது, சாப்பிட உட்கார்ந்தாலும் ஆடியது. இன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலும் ஆடியது.

ஜெரால்டு சாமியாரின் பிரசங்கம் நீண்டுகொண்டே போனது. பெண்கள் பக்கம் ஒரே குசுகுசு. ஆண்களில் பாதிப் பேர், வழக்கம்போல, கோவிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று டீசல் விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

‘ஒனக்கென்ன வந்துச்சு? அதான் ரிட்டயர் ஆயாச்சுல்ல, பேசாம இரு’ என்று தனக்கே சொல்லிப் பார்த்தார் டீச்சர். மரத்தடியில் யாரோ பெரிதாகச் சிரித்தார்கள். அவ்வளவுதான், எழுந்து திரும்பி, பள்ளிக்கூட அசெம்பிளியில் தட்டுவதுபோலப் படீர் படீரென்று கை தட்டிவிட்டார்.

கோவில் கப்சிப்பென்று ஆனது. பேரன் பேத்தி எடுத்த பெண்களெல்லாம் வாயில் விரல் வைத்தார்கள். மரத்தடி ஆண்கள், மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, வரிசையாக உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்கள். அத்தனை பேரும் அவரிடம் படித்தவர்கள்.

டீச்சருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மன்னிப்புக் கேட்கலாமென்று பீடத்தைப் பார்த்தார். அங்கே சாமியாரும் வாயில் விரல் வைத்து நின்றுகொண்டிருந்தார்.

“இன்னும் ஒரே பாயிண்டுதான் டீச்சர்” என்றார் சாமியார், மைக்கில்.

“சரி, சொல்லிட்டு ஒக்காருங்க.”

டீச்சரும் உட்கார்ந்தார். கால் ஆடவில்லை.