கவனித்தவை

இருபத்தொன்பது வருஷம் கடிகாரங்களைப் பார்த்துக்கொண்டிருந்ததற்குத்தான் எனக்குச் சம்பளம். செய்வதற்கல்ல, பழுது பார்ப்பதற்குமல்ல, சும்மா பார்ப்பதற்கு. எங்கள் ஜூரா மலைப்பக்கத்துப் பட்டறைகளிலிருந்து கடிகாரங்கள் துல்லியச் சான்றுக்காக எங்கள் ஆபீசுக்கு வரும். பதினைந்து நாள் அவற்றை நிமிர்த்தியும் கவிழ்த்தும், சூட்டிலும் குளிரிலும் வைத்து, முந்தியது எத்தனை வினாடி, பிந்தியது எத்தனை வினாடி என்று தினமும் ஒரே நேரத்தில் எழுதுவோம். சாவி கொடுப்பதைத் தவிர அந்தப் பதினைந்து நாளும் கை வைக்கக்கூடாது. எழுதும் தாளின் தலைப்பு ‘கவனித்தவை’. அதில் பாராட்டுக்கும் திட்டுக்கும் இடமில்லை.

என் எதிர்வீட்டுக்காரி கசில்டா ஸ்பெயின்காரி. கல்யாணமான கையோடு புருஷனுடன் வந்தாள். அவன் சுரங்கப்பாதை வேலையில் செத்துப்போனான். அவள் கடிகாரக் கூடுகளுக்குப் பாலிஷ் போடும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து இங்கேயே தங்கிவிட்டாள். பதினோரு வருஷமாக ஒரே மாடியில் எதிரும் புதிருமான கதவுகள் எங்களுடையவை. படியில் பார்த்தால் “வணக்கம் மதாம் வுய்” என்று என் குடும்பப் பெயரைச் சொல்வாள், நானும் வணக்கம் என்பேன். அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஒரு நாள் காபிக்குக் கூப்பிட வேண்டும் என்று நினைப்பேன். திரைச்சீலை மாற்றியபிறகு கூப்பிடலாம், பனி நின்றபிறகு கூப்பிடலாம் என்று பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

அந்த வருஷம் ஜப்பானிலிருந்து பாட்டரிக் கடிகாரங்கள் வந்து பட்டறைகளின் வியாபாரத்தைப் படுக்கவைத்தன. ஆள் குறைப்பு வரும், வெளிநாட்டுக்காரர்கள்தான் முதலில் போவார்கள் என்பது ஊரறிந்த விஷயம். கசில்டா குடியுரிமைக்கு மனுப் போட்டாள். கிடைத்தால் அவளும் ஊர்க்காரி, வேலை தங்கும். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

மனுப் போட்டவரைப் பற்றி அக்கம்பக்கத்தாரிடம் கேட்பது எங்கள் ஊர் வழக்கம். எனக்கும் நகரசபையிலிருந்து படிவம் வந்தது. கடைசியில் ஒரு கட்டம், அதன் தலைப்பு ‘கவனித்தவை’.

இங்கேதான் என் புத்தி கோணலாகப் போயிற்று. வேறு யாராக இருந்தாலும் ‘நல்லவள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். கீழ்வீட்டு ரொட்டிக்கடைக்காரர் அப்படித்தான் ஒரே வரியில் முடித்துவிட்டார். நான் அந்தத் தலைப்பில் என் மேசையில் இருபத்தொன்பது வருஷம் கிடந்த தாளைத்தான் பார்த்தேன். பதினைந்து நாள் பார்க்காமல் எப்படி எழுதுவது? அவளுக்கு நல்லது செய்கிறேன் என்று மனசார நம்பினேன்.

கதவில் இருந்த சின்னக் கண்ணாடித் துளைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன். காலை ஐந்து நாற்பதுக்குக் கிளம்புவாள். மாலை ஆறு பத்துக்குத் திரும்புவாள். முந்தினால் அரை நிமிஷம், பிந்தினால் ஒரு நிமிஷம். வியாழக்கிழமை அவள் முறை, எல்லா வீட்டுக்கும் பொதுவான துணி துவைக்கும் அறைச் சாவியை ஏழு மணிக்கு எடுத்து ஒன்பதுக்குக் கொண்டுவந்து மாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை சத்தம் கூடாது என்பது ஊர் விதி, அவள் வீட்டில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை. கடிகாரமாக இருந்தால் முதல் தரம் என்று முத்திரை குத்தியிருப்பேன். சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன். ஓய்வு பெற்றபிறகு இவ்வளவு மும்முரமாக நான் எதையும் செய்ததில்லை.

ஒன்பதாம் நாள், சனிக்கிழமை, நாலு பத்துக்கு அவள் கதவு திறந்தது. கையில் துணி மூடிய தட்டு. இரண்டே எட்டில் என் கதவுக்கு வந்து தட்டினாள். துளைக்கு அந்தப் பக்கம் அவள் முகம், இந்தப் பக்கம் என் கண். நடுவில் ஒரு பலகைதான்.

“மதாம் வுய்? இருக்கீங்களா? ஊர்ல செய்யற இனிப்பு ரொட்டி. சூடா இருக்கு.”

நான் மூச்சு விடவில்லை. சோதனையில் இருக்கும் கடிகாரத்தோடு யாராவது காபி குடிப்பார்களா? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், வெட்கம். ஸ்டூல் அங்கே கிடந்தது, நோட்டு என் மடியில் இருந்தது. நாலு பன்னிரண்டுக்கு அவள் திரும்பிப் போனாள். அந்த இரண்டு நிமிஷத்தை மட்டும் நான் எழுதவில்லை.

நாலு பக்கம் சுத்தமாகப் படியெடுத்து அனுப்பினேன். ஆறு வாரம் கழித்துக் கசில்டா கடிதத்தோடு வந்து நின்றாள். இந்தத் தடவை திறந்தேன்.

“இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க மதாம். ஆபீஸ் பாஷை எனக்குச் சரியாப் புரியல.”

மனு தள்ளுபடி. ஒழுக்கத்தில் குறையில்லை. ஆனால் ஊர்மக்களோடு எந்த உறவும் வைத்துக்கொள்ளவில்லை. பதினைந்து நாளில் ஒருவர் வீட்டுக்கும் போகவில்லை, ஒருவரும் அவள் வீட்டுக்கு வரவில்லை. ஆதாரம்: எதிர்வீட்டுக்காரரின் குறிப்புகள்.

நான் படித்துச் சொன்னேன். அவள் கடைசி வரியில் விரலை வைத்துக் கேட்டாள்.

“எதிர்வீடுன்னா நீங்கதானே?”

“ஆமா.”

“அந்தப் பதினஞ்சு நாள்ல ஒரு சனிக்கிழமை நான் வந்து தட்டினேனே. நீங்க வீட்ல இல்ல போல. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்.”

என்னைத் தப்பவைக்க அவளே வழி சொல்லிக்கொடுத்தாள். நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

மறுநாள் நகரசபைக்கு ஓடினேன். செயலாளர் ஜான்ரெனோ என் தாள்களை எடுத்து மேசையில் வைத்தார்.

“வாங்க மதாம். எங்க குடியுரிமைக் குழுவுல உங்க நாலு பக்கம்தான் பேச்சு. போலீஸ்காரன்கூட இப்படி எழுத மாட்டான்.”

“ஒண்ணு விட்டுப்போச்சு முசியே. அவ ஒரு நாள் பலகாரம் எடுத்துக்கிட்டு வந்து பக்கத்து வீட்டைத் தட்டினா.”

அவர் நிமிர்ந்தார். “அட, அதைத்தானே நாங்க தேடினோம். அப்பவே சொல்லியிருந்தா கதையே வேற. பரவாயில்ல, எழுதிக் குடுங்க. மறுபடி குழுவுல வைக்கலாம். எந்த வீடு?”

“என் வீடு.”

“அப்போ நீங்க இல்லையா?”

“இருந்தேன்.”

“தூங்கிட்டீங்களா?”

“இல்ல. கதவுக்குப் பின்னாடி நின்னேன்.”

அவர் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். கெட்ட மனுஷர் இல்லை அவர்.

“நடந்ததை அப்படியே எழுதுங்க. தேதி, நேரம், நீங்க உள்ளே இருந்தது, திறக்காதது. குழுவோட ஒன்பது பேர் முன்னால வாசிப்போம். உங்க சர்ச்சுப் பாட்டுக்குழுத் தலைவரும் அதுல ஒருத்தர். அவ்வளவுதான்.”

தேதி எழுதினேன். சனிக்கிழமை என்று எழுதினேன். அந்த ஒன்பது பேரையும் எனக்குத் தெரியும். அவர்களில் ஏழு பேர் என் வீட்டில் காபி குடித்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு வாசலில் அவர்கள் என்னை எப்படிப் பார்ப்பார்கள் என்று நினைத்ததும் பேனா நின்றுவிட்டது.

“நேரம் சரியா ஞாபகம் இல்ல முசியே,” என்றேன். “ஒருவேளை அது அந்தப் பதினஞ்சு நாளுக்கு முன்னாடியோ என்னவோ.”

என்னைத் தெரிந்த எவரும் அதை நம்பமாட்டார்கள். ஜான்ரெனோவுக்கு என்னை முப்பது வருஷமாகத் தெரியும். அவர் அந்தத் தாளை இரண்டாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார், கோப்பை மூடினார், வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

மார்ச்சில் பட்டறைச் சுவரில் ஆள் குறைப்புப் பட்டியல் ஒட்டினார்கள். கசில்டாவின் பெயர்தான் முதலில் இருந்ததாம், ரொட்டிக்கடைக்காரர் சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை.