டீ மேஜையில் வைத்த பெட்டி

மானேஜர் கிளமென்ட் வந்த நாளிலிருந்து எனக்கு அந்தக் கம்பெனியில் இருப்புக் கொள்ளவில்லை. திருவானைக்காவலில் ஸ்டெபிலைசர் செய்யும் கம்பெனி. சவரிநாதன் சார் தொடங்கியபோதே நான் சேர்ந்தேன். சார் வைத்த பழக்கம் ஒன்று உண்டு. யார் தப்புச் செய்தாலும் சாயங்கால டீயின்போது கோளாறான ஸ்டெபிலைசர் பெட்டியை மேஜையில் வைத்து, "இது என்னோடது" என்று சொல்லிவிட வேண்டும். கேலி செய்து தீர்த்துவிடுவோம். பிறகு எல்லோருமாக உட்கார்ந்து சரிசெய்வோம். சாரும் உட்காருவார். ஒருமுறை அவரே ஒயரை மாற்றி இணைத்துவிட்டு அசடு வழிந்தார்.

எண்பத்தாறில் மெட்ராஸ்காரர்கள் பங்கு போட்டு உள்ளே வந்தார்கள். கிளமென்ட் அவர்கள் ஆள். வந்ததும் சுவரில் கரும்பலகை மாட்டினார். தப்புச் செய்தவர் பெயர் அதில் ஏறும். இரண்டாம் தடவை ஏறினால் வேலை போச்சு. இதென்ன பள்ளிக்கூடமா? அப்புறம் எவன் வாயைத் திறப்பான்? கோளாறான பெட்டியெல்லாம் பெஞ்சுக்கு அடியில் போனது. டீயை அவரவர் இடத்திலேயே குடித்தோம். சார் கம்பெனிக்கு வருவதும் குறைந்துபோனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்து பெஞ்சு லூர்துராணியின் பெயர் ஏற்கெனவே பலகையில் இருந்தது. புருஷன் போன பிறகு அவளும் பிள்ளைகளும் இந்த வேலையைத்தான் நம்பியிருந்தார்கள். ஒரு நாள் மதியம் என் கையைப் பிடித்து ஒதுக்குப்புறமாக இழுத்துப்போனாள்.

"செல்லக்கிளி அக்கா, தொட்டியம் கடைக்கு அனுப்பினதுல ரிலேயைத் தப்பா வச்சிட்டேன். கரண்ட் ஏறினா கட் ஆகாது. வாங்கினவங்க ஃபிரிட்ஜ் எரிஞ்சிரும். அதுல ஒண்ணு அனுப்பாம இங்கயே தங்கிப்போச்சு, அதைப் பாத்துத்தான் தெரிஞ்சுது."

"மூச்சு விடாத. கடைக்காரருக்கு நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்."

"போன் மானேஜர் ரூம்லதானே இருக்கு?"

மானேஜர் ரூம் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கிளமென்ட் உள்ளேதான் இருந்தார்.

"இன்னைக்கு சவரிநாதன் சார் வராருக்கா. அவர் இருக்கும்போது டீ மேஜையில வச்சிடறேன்."

"அடி பைத்தியக்காரி! அந்தக் காலம் மலையேறிப் போச்சுடி."

"சார் அப்படியேதான் இருக்காரு" என்றாள்.

டீ வரும்வரை எனக்கு வேலையே ஓடவில்லை. சார் வந்தார். கூடவே கிளமென்டும் வந்தார். லூர்துராணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். சேலையைப் பிடித்து இழுத்தேன், உதறிவிட்டுப் போனாள். பெட்டியை மேஜையில் வைத்தாள்.

"சார், இது என்னோடது. தொட்டியத்துக்குப் போனதெல்லாம் இப்படித்தான் இருக்கும். திரும்ப வாங்கிடலாங்க."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. சார் முகம் மலர்ந்தது. "என்னம்மா லூர்து, இப்படிப் பண்ணிட்டியே!" என்று பழைய கேலிக் குரலில் சொல்லிக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஸ்க்ரூடிரைவரை எடுத்து முதல் திருகாணியில் வைத்தும்விட்டார். அப்பாடா என்று எனக்கு உயிர் வந்தது.

"சார்" என்றார் கிளமென்ட். அவ்வளவுதான்.

சாரின் கை நின்றது. யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஸ்க்ரூடிரைவரை மேஜையில் வைத்தார்.

"மானேஜர் சொல்றபடி செய்யும்மா" என்று எழுந்து போய்விட்டார்.