எஃப்.சி.க்கு வந்த வீடு

காலையில் எழுந்து தானாக டீ போடுகிற வரைக்கும்தான் என் புருஷன் நெவில் என்னோடு இருக்கலாம். நர்ஸ் இவ்வளவு அப்பட்டமாகச் சொல்லவில்லை. "பழகின இடம் இருக்கற வரைக்கும் சமாளிப்பாரு" என்றாள். பழகின இடம் போய்விட்டால் கிரேமவுத் ஊரில் மறதிக்காரர்களுக்கென்று ஒரு விடுதி இருக்கிறது. அங்கே கதவை வெளியிலிருந்து பூட்டுவார்கள்.

எங்களுக்குப் பழகின இடம் ஒரு வேன். வெஸ்ட்போர்ட்டில் வாடகை தலைக்கு மேலே போனபோது, பழைய ஜப்பான் வண்டி ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் நெவில் தன் கையாலேயே அடித்தான். உட்புறம் முழுக்க வழவழவென்று ப்ளைவுட் பலகை. மிச்சமிருந்த மஞ்சள் பூத்துணியில் நான் திரை தைத்தேன். இப்போது அவனுக்கு மகள் பெயர் மறந்துவிட்டது. நெல்சனில் அவள் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். கழிப்பறை எது என்று தெரியாமல் துணி அலமாரியைத் திறந்துகொண்டு நின்று அழுதான். வேனுக்குள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டே கெட்டிலை எடுப்பான்.

பழைய வண்டி, அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை எஃப்.சி. எடுக்க வேண்டும். கண்ணாடியில் ஸ்டிக்கர் காலாவதியாகி, வண்டி கடற்கரையில் நின்றால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இத்தனை வருஷமும் எங்களுக்குச் சான்று கொடுத்தவன் பேரி. பிரேக் பார்ப்பான், விளக்குப் பார்ப்பான், வண்டியைத் தூக்கி அடியில் எட்டிப் பார்ப்பான். சோதனை செய்கிறவர் எந்தத் திருகையும் கழற்றக் கூடாது, கண்ணுக்குத் தெரிவதைத்தான் பார்க்க வேண்டும் என்பது சட்டம். மற்ற வேன்களில் இரும்பு கண்ணுக்குத் தெரியும். எங்கள் வேனில் நெவில் அடித்த பலகைதான் தெரியும். சந்தேகம் வந்தால் எங்களையே கழற்றச் சொல்லலாம். பேரி சொன்னதே இல்லை. "உன் வீட்டைப் பிரிச்சுப் பாக்க நான் யாரு, ரேவின்?" என்று சிரித்துக்கொண்டே ஸ்டிக்கர் ஒட்டுவான். தங்கமான மனுஷன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

பேரி ஓய்வு பெற்று வெயிலைத் தேடி ஆஸ்திரேலியா போய்விட்டான். அவன் ஷெட்டை வைமாரி எடுத்துக்கொண்டாள். கறாரான பெண். வண்டியை லிஃப்டில் ஏற்றி, சின்னச் சுத்தியலால் ஓரம் முழுக்கத் தட்டிக்கொண்டே வந்தாள். டங், டங் என்று வந்த சத்தம் நெவில் உட்காரும் சீட்டுக்குப் பின்னால் மட்டும் தொப் என்றது.

"ஆன்ட்டி, கேட்டீங்களா?"

"எனக்குக் காது மந்தம். இத்தன வருஷம் பேரிக்குக் கேக்காதது உனக்கு மட்டும் கேக்குதோ?"

"பேரி அங்கிள் வெளிய பாத்தாரு. நான் உள்ள பாக்கணும். அந்த ஒரு பலகையக் கழட்டுங்க, போதும்."

"கழட்டிக் காட்டறேன், வாயடைச்சுப் போயிருவ. இவன் சுரங்கத்துல முப்பது வருஷம் வெல்டரு. துருவப் பாத்தா விட்டுவைக்கற ஆளா?"

வண்டியை இறக்கினாள். ஸ்க்ரூடிரைவரை நெவில் கையில் கொடுத்தேன். அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை எப்படிச் சொல்ல! ஒவ்வொரு திருகாகக் கழற்றி, பழையபடி உதட்டில் கவ்விக்கொண்டான். சீட்டி அடிக்க முடியாததால் முனகிக்கொண்டே வேலை செய்தான். பார்த்தாயா, என் புருஷன் இன்னும் வேலைக்காரன்தான் என்று வைமாரியைப் பெருமையாகப் பார்த்தேன்.

பலகை வந்தது. கூடவே பழுப்பாக ஒரு குவியல் காலடியில் கொட்டியது. இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. ஓட்டைக்குள் திணித்த துணி. அதன்மேல் கனமாகப் பட்டி பூசி, பெயின்ட் அடித்து, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தது. துணி மஞ்சள். என் திரையின் மிச்சம்.

அந்தப் பலகைகளை அடித்த வருஷம்தான் அவன் வெல்டிங் மிஷினை விற்றான். "வேன்ல இடமில்ல ரே" என்றான். நானும் நம்பினேன். இடமில்லாமல் இல்லை. கை மறக்க ஆரம்பித்துவிட்டது. அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. துருவைப் பார்த்திருக்கிறான், அடைக்க வரவில்லை, வெட்கப்பட்டு மூடிவிட்டான். அன்றைக்கே பேரி இந்தப் பலகையைக் கழற்றச் சொல்லியிருந்தால் வேறு யாரையாவது வைத்து அடைத்திருப்போம். என் புருஷனுக்கு என்ன நடக்கிறது என்பதும் அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்கும். பேரியின் நல்ல மனசு நாசமாய்ப் போக.

"சீட் பெல்ட் இதுலதான் மாட்டியிருக்கு ஆன்ட்டி," என்றாள் வைமாரி. குரல் இறங்கியிருந்தது. "ஒரு பிரேக் அடிச்சா அங்கிள் சீட்டோட கண்ணாடிய உடைச்சிட்டுப் போயிருவாரு. வெல்டிங் வைக்கலாம்னா பிடிக்க இரும்பே இல்ல."

"இந்த ஒரு தடவ குடு கண்ணு. ஆறு மாசம். அதுக்கு மேல இவனுக்கே எந்த இடமும் ஞாபகம் இருக்காது."

"எங்கம்மா வந்து கேட்டாலும் தர மாட்டேன்."

அவளை வாய்க்கு வந்தபடி திட்ட நினைத்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. திட்டவும் விடாமல் கெடுத்துவிட்டாள்.

நெவில் குனிந்து பட்டியை விரலால் குத்தினான். பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து வந்தது. திருகுகளைக் கையில் துப்பிக்கொண்டான். சுரங்கத்தில் அரைகுறை வேலைக்காரர்களை விளாசும் அந்தப் பழைய குரல் எங்கிருந்தோ வந்தது.

"எந்தக் களவாணிப் பய பாத்த வேலை இது? துணிய வச்சு அடைச்சிருக்கான்! மேல பலகைய வேற போட்டு மூடிருக்கான்!"

வைமாரி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"இதுக்குள்ள ஆளு வேற படுக்குதா?"

"படுக்குது நெவ்."

"அவன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"இப்பத்தான் தெரிஞ்சுது."

"பாவம்," என்றான். உண்மையாகவே வருத்தப்பட்டான். பிறகு திருகுகளை என் உள்ளங்கையில் கொட்டி, தன் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். "வா ரே, நம்ம வண்டிக்குப் போலாம். டீ போட்டுத் தரேன்."

எங்கள் வேனைத் தாண்டி ஷெட்டை விட்டு வெளியே போனான். எச்சில் ஈரத்தோடு திருகுகள் என் கையில் இருந்தன. அவன் வாசலில் நின்ற வண்டிகளின் கதவுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டு போனான்.